கடல் செரிக்கும் எண்ணெய்

ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் நம் வீட்டில் சில நாட்களில் தீர்ந்துவிடும். அதே ஒரு லிட்டரைக் கடலில் ஊற்றினால், நுண்ணுயிர்கள் அதை மிச்சம் மீதியின்றிக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாற்ற ஏறத்தாழ 2.6 கிலோ ஆக்சிஜன் வேண்டும். 28 டிகிரி வெப்பமுள்ள கடலின் மேல்மட்ட நீரில், ஒரு லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் ஆக்சிஜன் கரைந்திருக்கும். வகுத்துப் பார்த்தால், அந்த ஒரு லிட்டர் எண்ணெய்க்கு நான்கு லட்சம் லிட்டர் கடல்நீரின் ஆக்சிஜன் முழுவதும் செலவாக வேண்டும்.

திறந்த கடலில் அலை ஓயாமல் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. செலவான ஆக்சிஜன் மீண்டும் வந்துவிடும். ஆகவே இந்தக் கணக்கைப் பார்த்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் சமையல் எண்ணெய் கடலில் கொட்டியது என்று செய்தி வரும்போதெல்லாம் “சாப்பிடுகிற எண்ணெய்தானே, கடல் பார்த்துக்கொள்ளும்” என்று சொல்லிவிடுகிறோமே, அந்தப் “பார்த்துக்கொள்ளும்” என்பதற்குள் எவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. அந்த வேலையைச் செய்பவை பாக்டீரியாக்கள். எப்படிச் செய்கின்றன, எப்போது அவற்றால் முடியாமல் போகிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

எண்ணெய் கடலுக்குப் புதிய பொருளே அல்ல. மிதவைப் பாசிகளில் பல, முக்கியமாக டயாட்டம்கள், தம் உடலுக்குள் எண்ணெய்த் துளிகளைச் சேமித்து வைப்பவை. குளிர்கடலில் வாழும் கோபிபாடு என்ற மிகச் சிறிய உயிர்கள் குளிர்காலத்தைக் கடக்க உடலெங்கும் மெழுகை நிரப்பிக்கொள்கின்றன. மத்தி மீனின் நெய்யும் திமிங்கிலத்தின் கொழுப்பும் கடலுக்குள்ளேயே உருவாகி, கடலுக்குள்ளேயே மடிகின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இவை அனைத்தையும் தின்று தீர்த்து வந்த பாக்டீரியாக்கள், மனிதன் பாமாயில் கப்பலை ஓட்டத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே தயாராக இருந்தன. கரையோரக் கடல்நீர் ஒரு மில்லிலிட்டரில் சுமார் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றில் ஒரு பங்குக்குக் கொழுப்பை உடைக்கத் தெரியும். விப்ரியோ, சூடோமோனாஸ், சூடோஆல்டெரோமோனாஸ், மாரினோபாக்டர் என்று அந்தப் பட்டியல் நீளும்.

எவற்றுக்குத் தெரியும் என்று கண்டுபிடிக்க ஓர் அழகான வழி உண்டு. பாக்டீரியாவை வளர்க்கும் அகார் தட்டில் ஆலிவ் எண்ணெயையும் ரோடமைன் பி என்ற சாயத்தையும் கலந்துவிடுவார்கள். அதன்மேல் கடல்நீரைச் சிறிது தடவி, வளர விட்டு, பிறகு புற ஊதா விளக்கின் கீழ் வைப்பார்கள். எண்ணெயை உடைக்கிற பாக்டீரியா திரள்களைச் சுற்றி மட்டும் ஆரஞ்சு நிற ஒளிவட்டம் எரியும். 1980களில் வந்த இந்த முறை இன்றும் நுண்ணுயிரியல் ஆய்வகங்களில் வழக்கத்தில் இருக்கிறது.

அந்த வட்டத்தை உண்டாக்குவது லைபேஸ் என்ற நொதி. தாவர எண்ணெய் எல்லாமே அடிப்படையில் ஒரே அமைப்பு: ஒரு கிளிசரால், அதில் கோத்த மூன்று கொழுப்பு அமிலங்கள். இந்த மூலக்கூறு பாக்டீரியாவின் சுவரைத் தாண்டி அப்படியே உள்ளே போக முடியாத அளவு பெரியது. நீரில் கரைவதும் இல்லை. அதனால் பாக்டீரியா லைபேஸை வெளியே அனுப்பி, எண்ணெயை வெளியிலேயே வெட்டி, துண்டுகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

லைபேஸின் நடத்தையில் ஒரு விசேஷம் இருக்கிறது. 1958-ல் பிரான்சில் சார்டா, தெனுவெல் என்ற இருவர் கவனித்தது அது. கொழுப்பு போன்ற பொருள் நீரில் கரைந்த நிலையில் இருக்கும்வரை லைபேஸ் சோம்பிக் கிடந்தது. கரையக்கூடிய அளவைத் தாண்டித் துளிகளாகத் திரண்டதும், அதே நொதி திடீரென்று பல மடங்கு வேகம் பிடித்தது. ஏன் என்பது 1990-ல் லைபேஸ்களின் முப்பரிமாண வடிவம் படிகங்களில் தெரிந்தபோதுதான் புரிந்தது. நொதியின் வெட்டும் பகுதிக்கு மேலே சிறிய மூடி ஒன்று இருக்கிறது. நீரில் மிதக்கையில் அது மூடியே இருக்கும். எண்ணெயும் நீரும் சந்திக்கும் பரப்பைத் தொட்டதும் மூடி விலகும். எல்லா லைபேஸ்களுக்கும் இந்த மூடி இல்லை என்றாலும், வேலை நடக்கும் இடம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: எண்ணெய் நீரைத் தொடும் மெல்லிய எல்லை. துளிக்கு உள்ளே இருக்கும் எண்ணெய்க்கு எந்த ஆபத்தும் இல்லை. ஒரே அளவு எண்ணெய் பெரிய கட்டியாகக் கிடக்கிறதா, பொடித்துளிகளாகச் சிதறியிருக்கிறதா என்பது இதனால்தான் அவ்வளவு முக்கியமாகிறது.

உள்ளே இழுக்கப்பட்ட கொழுப்பு அமிலத்துக்கு என்ன ஆகிறது? இதற்கான விடையைக் கண்டவர் கடலைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கவில்லை. ஃபிரான்ஸ் க்னூப் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1904-ல் நாய்களுக்குக் கொழுப்பு அமிலம் கொடுத்துச் சோதித்தார். அக்காலத்தில் கதிரியக்க அடையாளப் பொருட்கள் இல்லை. அவர் கொழுப்பு அமிலச் சங்கிலியின் வால் நுனியில் ஒரு பென்சீன் வளையத்தைப் பொருத்தினார். நாயின் உடலால் அந்த வளையத்தை உடைக்க முடியாது. சங்கிலியை எங்கே வெட்டினாலும் வளையம் மிஞ்சிய துண்டோடு சிறுநீரில் வந்தாக வேண்டும். சங்கிலியில் இரட்டைப்படை எண்ணில் கார்பன்கள் இருந்தபோது ஒரு பொருள் வந்தது, ஒற்றைப்படையில் இருந்தபோது வேறொரு பொருள் வந்தது. எத்தனை நீளச் சங்கிலி கொடுத்தாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். அதிலிருந்து க்னூப் முடிவுக்கு வந்தார்: உடல் கொழுப்பு அமிலத்தை இரண்டிரண்டு கார்பன்களாகத்தான் நறுக்குகிறது. வளையம், சிறுநீர், ஒற்றை, இரட்டை என்ற இவ்வளவு எளிய தடயங்களிலிருந்து உயிரின் ஓர் அடிப்படை வேதிவினையை எட்டிய அந்தச் சோதனை, உயிர்வேதியியல் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்தவற்றுள் ஒன்று. பீட்டா ஆக்சிகரணம் என்று இன்று பாடநூல்கள் சொல்லும் இந்த வழிதான் நாயிலும், நம் தசையிலும், கடல் பாக்டீரியாவிலும் நடக்கிறது. 18 கார்பன் கொண்ட லினோலியிக் அமிலம் சூரியகாந்தி எண்ணெயில் நிறைய உண்டு. அது எட்டு வெட்டுகளில் ஒன்பது துண்டுகளாகிவிடும். இரட்டைப் பிணைப்புகள் வரும் இடங்களில் மட்டும் அதை நிமிர்த்திக் கொடுக்க வேறு நொதிகள் துணைக்கு வரும்.

பெட்ரோலியத்தையும் தாவர எண்ணெயையும் இந்த இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெட்ரோலியத்தின் நீள்சங்கிலி ஆல்கேன்களைத் தின்னும் பாக்டீரியாக்களில் புகழ்பெற்றது அல்கானிவோராக்ஸ் போர்குமென்சிஸ். வடகடலில் ஜெர்மனிக்குச் சொந்தமான போர்கும் தீவின் பெயரைத் தாங்கிய இதை 1998-ல் யாகிமோவும் சகாக்களும் உலகுக்கு அறிமுகப்படுத்தினர். 2006-ல் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. சர்க்கரையை அது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆல்கேன்தான் அதன் உணவு. அந்த ஆல்கேனை அது முதலில் ஆல்கஹாலாக்கி, பிறகு ஆல்டிஹைடாக்கி, கடைசியில் கொழுப்பு அமிலமாக்குகிறது. அதன்பின் க்னூப் கண்ட அதே வழி. பெட்ரோலியம் பல படிகள் ஏறி வந்து சேரும் இடத்தில்தான் தாவர எண்ணெய் பயணத்தையே தொடங்குகிறது. சமையல் எண்ணெயைக் கடல் விரைவில் செரித்துவிடும் என்று சொல்வதில் உள்ள உண்மை இதுதான். அது பெரிய உண்மை, குறைத்துச் சொல்ல முடியாது.

அல்கானிவோராக்ஸ் தன் உணவுப் பரப்பைத் தானே பெருக்கிக்கொள்ளவும் செய்கிறது. சோப்பைப் போல் எண்ணெயையும் நீரையும் இணக்கும் பொருளைச் சுரந்து துளிகளைச் சிறிதாக்குகிறது. 2023-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைவிட வியப்பான ஒன்றைக் காட்டினர். எண்ணெயோடு பழகிய அல்கானிவோராக்ஸ் கூட்டம் துளியைச் சூழ்ந்து நெருக்கி, உருண்டையான அதன் மேற்பரப்பை விரல்விரலாகக் குழாய்கள் பிதுங்கும்படி மடித்துவிடுகிறது. அதே துளிதான், ஆனால் மேற்பரப்பு பல மடங்கு. ஆகவே தின்னும் வேகமும் கூடுகிறது.

ஆனால் எண்ணெயில் இல்லாத பொருட்களும் உயிருக்கு வேண்டுமே! தாவர எண்ணெயில் கார்பனும் ஹைட்ரஜனும் சிறிது ஆக்சிஜனும் மட்டும்தான். ஒரு பாக்டீரியா இரண்டாகப் பெருக வேண்டுமானால் புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும், மரபுப்பொருளுக்குப் பாஸ்பரஸ் வேண்டும். கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களின் உடலில் 106 கார்பன் அணுவுக்கு 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ் என்ற விகிதம் நிலவுவதை ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு கவனித்தார். கார்பன் மலைபோல் கொட்டினாலும் மற்ற இரண்டும் நீரில் இருக்கும் அளவுக்குத்தான் கூட்டம் பெருகும். வெப்பமண்டலத் திறந்த கடலில் அவை மிகச் சொற்பம். நைட்ரஜன் தீர்ந்துபோன நிலையில் அல்கானிவோராக்ஸ் செய்வது சுவையானது: தின்ற எண்ணெயைச் செரிக்க முடியாமல், தன் உடலுக்குள்ளேயே கொழுப்பாகவும் மெழுகாகவும் சேர்த்து வைக்கிறது. கடலில் மிதந்த எண்ணெய் பாக்டீரியாவுக்குள் எண்ணெயாகவே இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

1989-ல் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் கச்சா எண்ணெய் அலாஸ்கா கரைகளில் அப்பியபோது, இந்தக் குறையை ஈடுகட்டத்தான் கூழாங்கற்களின்மேல் உரங்களைத் தெளித்தார்கள். அவற்றுள் ஒன்றான இனிபோல், யூரியாவை ஓலியிக் அமிலத்தில் பொதிந்து செய்தது. ஆலிவ் எண்ணெயின் பிரதான அமிலமும் அதுதான். உரம் அலையில் கரைந்து ஓடாமல் எண்ணெயோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. பசித்த பாக்டீரியாவுக்குக் கச்சா எண்ணெயைவிட ஓலியிக் அமிலம் எளிய தீனி என்பதால், வெளிவரும் கார்பன் டை ஆக்சைடில் எவ்வளவு உண்மையில் பெட்ரோலியத்திலிருந்து வந்தது என்று ஆய்வாளர்கள் பிரித்தறிய வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னது ஆக்சிஜன் எண்ணெயைச் சேரும் ஒரு வழி: பாக்டீரியாவின் உடல் வழியாக. அதற்கு இன்னொரு வழியும் உண்டு, அதில் எந்த உயிருக்கும் பங்கில்லை. பழகிய தோசைக்கல்லில் மாவு ஒட்டாமல் வருவதற்குக் காரணமான கரிய பளபளப்பு, சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒன்றோடொன்று பின்னி இறுகிப்போன எண்ணெய்தான். எண்ணெய்க் குப்பியின் வாயில் பிசுபிசுத்துப் பிறகு கெட்டியாகும் பிசுக்கும் அதே வினைதான், சூடில்லாததால் மெதுவாக நடக்கிறது. இரட்டைப் பிணைப்புகள் அதிகமுள்ள எண்ணெய்களில் இது வேகமாக நடக்கும். ஓவியர்கள் ஆளிவிதை எண்ணெயில் வண்ணம் குழைப்பது அது காய்ந்து இறுகும் என்பதால். சூரியகாந்தி எண்ணெய் அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் அதே குணம் உடையது. தேங்காய் எண்ணெயில் இரட்டைப் பிணைப்பு மிகக் குறைவு. அது கெட்டுச் சிக்கு வாடை அடிக்குமே தவிர, வார்னிஷ் ஆகாது.

இப்படி இறுகிப் பின்னிய வலைக்குள் லைபேஸால் எளிதில் நுழைய முடியாது. கடலில் விழுந்த சூரியகாந்தி எண்ணெய்க்கு இந்த இரண்டு வினைகளில் எது முந்துகிறது என்பதே அதன் தலைவிதி. கிம்யா கப்பலின் கதை இதற்கு நேரடிச் சாட்சி.

1991 ஜனவரியில், வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சி தீவுக்கு அப்பால் கடும் புயலில் கிம்யா கவிழ்ந்தது. மாலுமிகளில் பலர் உயிரிழந்தனர். கப்பலில் சுமார் 1,500 டன் சூரியகாந்தி எண்ணெய் இருந்தது. அது ஒரேயடியாகக் கொட்டவில்லை. மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருந்தது. குளிர்காலத்து ஐரிஷ் கடல் பாக்டீரியாக்களுக்கு உகந்த வெப்பத்தில் இல்லை. அலை எண்ணெயைக் கரைக்குத் தள்ளியது. மணலில் படிந்த எண்ணெய் வெயிலும் காற்றும் பட்டு இறுகத் தொடங்கியது. பாங்கோர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் மட்ஜ் அந்தக் கரைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார். அவர் விவரிப்பது எண்ணெய்ப் படலத்தை அல்ல, காங்கிரீட் போன்ற பாளங்களை: மணல் துகள்களை இறுகிய எண்ணெய் சிமெண்டைப்போல் பிணைத்துவிட்டிருந்தது. பல ஆண்டுகள் கழித்தும் அவை கரையில் கிடந்தன. பாளத்தின் ஊடே நீர் புக முடியவில்லை. நீர் புகாத இடத்தில் ஆக்சிஜனும் புகாது. அடியில் சிக்கிய எண்ணெயைத் தின்னக் காத்திருந்த பாக்டீரியாக்களுக்கு எண்ணெய் இருந்தது, மூச்சு இல்லை.

அந்தக் கடற்கரைப் பாறைகளில் வாழும் மட்டிகள் மடிந்தன. பிழைத்திருந்த மட்டிகளின் சதையில் சூரியகாந்தி எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் இருந்தன. ஆய்வகத் தொட்டிகளில் தாவர எண்ணெயோடு வைத்த மட்டிகளின் ஓட்டுக்குள், வழக்கமாக இருக்கும் முத்துப் பூச்சு இல்லாமல் போயிருந்தது. நஞ்சென்று யாரும் சொல்ல முடியாத, ஊரெல்லாம் பூரி பொரிக்கிற எண்ணெய் அது.

வெப்பக் கடலில் கதை வேறு விதமாகப் போகும். 1975 டிசம்பரில் பசிபிக் நடுவே, இன்று கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்த ஃபானிங் பவளத்தீவில் லிண்டன்பேங்க் என்ற சரக்குக் கப்பல் தரைதட்டியது. அதிலிருந்த கொப்பரை, தேங்காய் எண்ணெய், பாமாயில் என்று ஆயிரக்கணக்கான டன் சரக்கு பவளத்திட்டின்மேல் கொட்டியது. மீன், நண்டு, சங்கு, சிப்பி என்று பலவும் செத்துக் கரை ஒதுங்கின. பவளத்திட்டின் பாசிகளில் சில வகைகள் காணாமல் போக, பச்சைப் பாசி காடாக மண்டியது. ஆனால் ஏறக்குறைய ஓராண்டில் பாதிப்பு தணிந்தது. இறுகாத எண்ணெய், சூடான நீர், ஓயாத அலை; பாக்டீரியாக்கள் முந்திவிட்டன.

எண்ணெய்க்கு இறுகும் குணம் இல்லாததாலேயே கடல் தப்பித்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 2017 ஆகஸ்டில் சீனாவின் முத்து ஆற்றின் முகத்துவாரத்தில் இரண்டு கப்பல்கள் மோதியதில் சுமார் 1,000 டன் பாம் ஸ்டியரின் கடலில் கலந்தது. பாமாயிலிலிருந்து திரவப் பகுதியைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் கெட்டிக் கொழுப்பு அது. 40 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால், கோடைக் கடலிலும் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகளாகவே மிதந்து ஹாங்காங்கின் கடற்கரைகளில் ஒதுங்கியது. குளிக்கும் கரைகள் பல மூடப்பட்டன. ஒரு கட்டியின் மேற்பரப்பு எவ்வளவு இருக்கும்? லைபேஸ் அதன் தோலைச் சுரண்ட முடியும், அதற்குமேல் முடியாது. தொண்டர்கள் கையால் பொறுக்கி மூட்டை கட்டியதுதான் அங்கே விரைவான வழி.

கரையோரச் சேற்றில் புதைந்த எண்ணெய் மிக மெதுவாகவே மறையும். ஆக்சிஜன் இல்லாத அந்த ஆழத்தில் சல்பேட்டைக் கொண்டு மூச்சுவிடும் வேறு பாக்டீரியாக்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு சேற்றைக் கறுப்பாக்கி அழுகிய முட்டை நாற்றத்தைக் கிளப்பும். கடல்நீரின் கால்சியம் வேறு, விடுபட்ட கொழுப்பு அமிலங்களைப் பிடித்து நீரில் கரையாத சோப்பாக்கிவிடுகிறது. இதில் ஒரு நன்மையும் உண்டு, ஏனென்றால் விடுபட்ட கொழுப்பு அமிலம் அதிகமானால் பாக்டீரியாக்களையே அது முடக்கும். ஆனால் சோப்பாகிக் கெட்டிப்பட்டது எளிதில் தின்னக் கிடைக்காது. பறவைகளுக்கோ பாக்டீரியா வந்து சேரும்வரை காத்திருக்க நேரமில்லை. இறகில் எந்த எண்ணெய் ஒட்டினாலும் குளிர் உள்ளே புகுந்துவிடும். கனடாவின் வான்கூவர் துறைமுகத்தில் 1970களில் சிந்திய சிறிய அளவிலான கடுகினத் தாவர எண்ணெய், அங்கே அதைவிட அதிகமுறை சிந்திய பெட்ரோலியத்தைக் காட்டிலும் கூடுதலான பறவைகளைக் கொன்றதாகப் பதிவாகியிருக்கிறது.

அமெரிக்காவில் சமையல் எண்ணெய்த் தொழில்துறை, தங்கள் எண்ணெய் மக்கும் தன்மையது, நஞ்சற்றது, பெட்ரோலியத்துக்கான விதிகளை எங்கள்மேல் சுமத்தாதீர்கள் என்று வாதாடியது. 1997-ல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்தக் கோரிக்கையை நிராகரித்தது. அதன் வாதங்களுள் ஒன்று எனக்கு மிகச் சரியாகப் படுகிறது: விரைவாக மக்குவதே ஓர் ஆபத்து, மக்கும் வேகத்தில் நீரின் ஆக்சிஜன் பறிபோகும். சின்னக் கழிமுகத்திலோ அலையில்லாத உப்பங்கழியிலோ, முதலில் போட்ட நான்கு லட்சம் லிட்டர் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.

பன்னாட்டு விதிகளும் மெல்ல இறுகி வருகின்றன. 2007 முதல் தாவர எண்ணெய்கள் கடலுக்குத் தீங்கான திரவங்களின் பட்டியலில் ‘ஒய்’ பிரிவில் இருக்கின்றன. இரசாயனங்களை ஏற்றும் தரமுடைய கப்பல்களில்தான் அவற்றை ஏற்றலாம். ஆனால் விபத்தில்லாமலேயே எண்ணெய் கடலில் சேரும் வழி ஒன்று இருக்கிறது. சரக்கை இறக்கிய பின் கப்பல் தொட்டிகளைக் கழுவிய நீரை, வரையறுத்த தொலைவுக்கு அப்பால் கடலில் விட அனுமதி உண்டு. கெட்டிப்படும் எண்ணெய்களின் கழுவல் கட்டிகளாக மிதந்து ஐரோப்பியக் கரைகளில் ஒதுங்கியது. அதைத் தின்ற நாய்கள் நோயுற்றதும் உண்டு. அதனால் 2021 ஜனவரி 1 முதல், பால்டிக், நார்வே கடல், வடமேற்கு மற்றும் மேற்கு ஐரோப்பியக் கடற்பகுதிகளில் இறக்கப்படும் இத்தகைய மிதக்கும் சரக்குகளின் தொட்டிகளைத் துறைமுகத்திலேயே முன்கழுவி, அந்த நீரைக் கரையில் ஒப்படைக்க வேண்டும் என்று விதி வந்தது.

அந்தப் பகுதிகளுக்குள் இந்தியப் பெருங்கடல் வரவில்லை. உலகிலேயே அதிகமாகத் தாவர எண்ணெயை இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. அதில் மிகப் பெரிய பங்கு இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வங்காள விரிகுடாவைக் கடந்து வரும் பாமாயில். நம் கடல் ஐரிஷ் கடலைவிடச் சூடானது, நம் பாக்டீரியாக்கள் வேகமானவை என்பது சரி; ஆனால் 30 டிகிரி நீரிலும் ஸ்டியரின் உருகுவதில்லை, சூடான நீரில் கரையும் ஆக்சிஜனும் குறைவு. ஐரோப்பியக் கரைகளுக்குக் கொடுத்த பாதுகாப்பை இந்த விரிகுடாவுக்கும் கேட்க நமக்குக் காரணம் இருக்கிறது. கேட்பதற்கு முன், நம் துறைமுகங்களில் அந்தக் கழுவல் நீரை வாங்கிக்கொள்ளத் தொட்டிகள் வேண்டும்.